அழுக்குச் சப்பாத்தும் அடுக்களைப் பொருள்களும்

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது தமிழ் மக்கள் நாவிற் பயின்ற முதுமொழி. உடையைக் குறித்துச் சொல்லப்பட்ட இவ்விதி காலிலணியும் சப்பாத்துக்கும் அவ்வாறே பொருந்தும். ஆயினும், சேலையையும் சட்டையையும் துவைக்கும் முறை வீடுதோறும் வழிவழியாகத் தெரிந்திருக்க, சப்பாத்தைத் துப்புரவாக்கும் முறை அவ்வளவு கைவந்ததாக இல்லை. இதற்குக் காரணமும் உண்டு. செருப்பு தமிழருக்குப் புதிதன்று. ‘தொடுதோல்’ என்னும் பெயரால் அது சங்கச் செய்யுள்களிலேயே பேசப்படுகின்றது. காலை முழுவதும் மூடும் சப்பாத்தோ பிற்காலத்தில் வந்தது. 1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் மொழியிலிருந்தே அச்சொல்லும் வந்து தமிழில் நிலைத்துவிட்டது. பொருளும் பெயரும் வந்து சேர்ந்தன. பேணும் முறை மட்டும் பின்தங்கி நின்றது.

இன்று பாடசாலை செல்லும் பிள்ளைக்குச் சப்பாத்து அலங்காரப் பொருளன்று. சீருடையின் ஓர் அங்கம். வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவருக்கு அரசாங்கம் சப்பாத்துக்கென வவுச்சர் வழங்கி வந்திருப்பதும் இத்தேவையை உணர்ந்தே. எனினும் பல குடும்பங்களில் பிள்ளையொன்றுக்கு ஒரு சோடி என்பதே நியதி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் விலைவாசி ஏறியபோது, அந்த ஒரு சோடியை வாங்குவதற்கே எத்தனையோ பெற்றோர் இடர்ப்பட்டனர். அத்தகைய வீட்டில், வெள்ளிக்கிழமை சேற்றில் தோய்ந்த சப்பாத்து திங்கட்கிழமை காலைக்குள் துப்புரவாகி உலர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் அன்று பிள்ளை பாடசாலைக்குப் போகத் தயங்கும். போனாலும் காலை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டிருக்கும். மறைக்கும் கவலையில் மூழ்கிய மனம் பாடத்தில் எங்ஙனம் பதியும்? இக்கவலையைப் போக்குவதற்குக் கடைக்குச் சென்று விலையுயர்ந்த திரவங்களை வாங்கவேண்டியதில்லை. வேண்டிய பொருள்களெல்லாம் பெரும்பாலும் அடுக்களையிலும் கிணற்றடியிலுமே கிடைக்கின்றன. எந்த அழுக்கை எந்தப் பொருள் நீக்கும், ஏன் நீக்கும் என்பதை அறிந்திருந்தாற் போதும்.

சப்பாத்தில் ஏறும் அழுக்கு ஒரே வகையானதன்று. முதலாவது மண், இது நூலிழைகளுக்கிடையே புகுந்து தங்கியிருக்கும் நுண்துகள். இரண்டாவது எண்ணெய்ப் பசை. தெருவிலிருந்தும் மனிதத் தோலிலிருந்தும் வருவது. மூன்றாவது கறை, செம்மண்ணிலுள்ள இரும்பு, தேயிலைச்சாயம், வாழைக்கயர் முதலியன இழையையே பற்றிக்கொண்டு நிறமூட்டுவது. மண் தட்டினால் நீங்கும். பசை சவர்க்காரத்தால் நீங்கும். கறையோ அதற்குரிய மருந்தாலன்றி நீங்காது. மூன்றையும் ஒன்றெனக் கருதி, எல்லாவற்றையும் ஒரே வாளி நீரில் ஊறவைப்பதாலேயே பலருடைய முயற்சி வீணாகின்றது.

ஈரச் சேற்றைத் தேய்க்கலாகாது என்பதே இவ்விடயத்தில் முதலாவது விதி. வீட்டுக்கு வந்தவுடன் சேற்றுச் சப்பாத்தை நீரில் அமிழ்த்தித் தேய்ப்பவர், மேலேயிருந்த மண்ணை இழைகளுக்குள்ளே செலுத்துகின்றனர். சேறு முற்றாகக் காயும்வரை பொறுத்திருந்து, இரண்டு சப்பாத்துகளின் அடிகளையும் ஒன்றோடொன்று மோதித் தட்டி, பின்னர் உலர்ந்த தும்புத் தூரிகையாலோ பழைய பற்றூரிகையாலோ உதறிவிட்டால், அழுக்கிற் பெரும்பகுதி ஒரு சொட்டு நீருமின்றியே போய்விடும். அடியிலுள்ள பள்ளங்களிற் சிக்கிய மண்ணை ஈர்க்குக்குச்சியால் கிளறி எடுக்கலாம். விலையில்லா ஈர்க்கு இப்பணிக்கு எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று.

இனிச் சவர்க்காரத்தின் செயலைக் காண்போம். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா. சவர்க்கார மூலக்கூறு ஒன்றின் ஒரு முனை நீரை விரும்புவது. மறுமுனை எண்ணெயை நாடுவது. ஆதலின் அது இருவரிடையே நிற்கும் தூதுவனைப்போல், ஒரு கையால் பசையையும் மறுகையால் நீரையும் பற்றி, இரண்டையும் சேர்த்து வெளியேற்றுகின்றது. கொழுப்புகளின் இயல்பையும் சவர்க்காரம் உண்டாகும் விதத்தையும் முறையாக ஆராய்ந்து 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் பிரான்சு தேசத்து அறிஞர் செவ்ரல் என்பவர். நூறாண்டைக் கடந்தும் வாழ்ந்த அப்பெரியார், அன்றாடம் கையிற் குழையும் ஒரு பொருளை அறிவியலின் அரங்குக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் எல்லா நீரிலும் சவர்க்காரம் ஒரே வகையாக வேலை செய்வதில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்தது. அப்பாறையூடாக ஊறிவரும் கிணற்று நீரிற் கல்சியம் கரைந்துள்ளது. இத்தகைய நீரையே வன்னீர் என்பர். சவர்க்காரம் வன்னீரைச் சேர்ந்ததும் கல்சியத்தோடு கூடி, நீரிற் கரையாத வெண்சாம்பல் நிறப் படிவாகிவிடுகின்றது. நுரை குறைவதும், கழுவிய வெள்ளைச் சப்பாத்து உலர்ந்தபின் மங்கலாகத் தோன்றுவதும் இதனாலேயே. ஆகவே குடாநாட்டிலும் அதையொத்த இடங்களிலும் கூரையிலிருந்து வடியும் மழைநீரைச் சேர்த்துவைத்துப் பயன்படுத்துதல் நன்று. மழை தொடங்கியவுடன் வடியும் முதல் நீர் கூரைத் தூசியோடு வருமாதலால், அதை விட்டுப் பின்னர் வருவதை ஏந்தவேண்டும். மழைநீர் கிடைக்காவிடத்துச் சலவைத் தூளைச் சிறிதளவு கொள்ளலாம். அது வன்னீரிலும் அவ்வாறு திரைவதில்லை.

சவர்க்காரமே கிடையாத காலமும் இருந்தது. 1990களின் போர்க்காலத்தில், குடாநாட்டிற் சவர்க்காரம் அரும்பொருளாகிவிட்டபோது, மக்கள் பனம்பழத்தைக் கொண்டு உடை துவைத்தனர். பனங்களியில் நுரைக்கும் இயல்புள்ள சப்போனின் என்னும் பொருள் உண்டு. பூவந்திக் கொட்டை நுரைப்பதும் அவ்வகைப் பொருளாலேயே. தேவை நேர்ந்தபோது முற்றத்து மரமே சலவைக்குத் துணைநின்றது என்பதை இளந்தலைமுறை மறத்தலாகாது.

இனி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தைக் கழுவும் முறையைப் படிப்படியாக நோக்கலாம். முதலில் நாடாக்களைக் கழற்றி, உள்ளே விரித்த அட்டை தனியே எடுக்கத்தக்கதாயின் அதனையும் எடுத்துவிடவேண்டும். நாடாக்களைச் சவர்க்கார நீரில் ஊறவைக்கலாம். எண்ணெய்க் கறை இருப்பின் அதன்மேல் அரிசிமாவையோ முகத்துக்கிடும் பவுடரையோ தூவிச் சில மணி நேரம் விட்டுத் தட்டினால், பசையின் ஒரு பகுதியை அம்மா உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் இளஞ்சூட்டு நீரிற் சவர்க்காரத்தைக் கரைத்து, தூரிகையால் தொட்டுத் தொட்டு, சிறு வட்டங்களாகத் தேய்க்கவேண்டும். சப்பாத்தை இரவு முழுவதும் ஊறவிடுதல் கூடாது. அடியையும் துணியையும் இணைக்கும் பசை இளகிவிடும். தேய்த்தபின் நீரை மூன்று முறையேனும் மாற்றி அலசவேண்டும். துணியில் தங்கும் சவர்க்காரமே பின்னர் மஞ்சளாகி, புதிய தூசியையும் இழுத்துக்கொள்ளும். கடைசி அலசலுக்கு முன்னர், அரைவாளி நீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி கலந்து அதிற் சப்பாத்தை ஒருமுறை அமிழ்த்தி எடுப்பது பயன்தரும். வினாகிரியிலுள்ள அமிலம் எஞ்சிய காரத்தையும் வன்னீர்ப் படிவையும் கரைத்துவிடும்.

செம்மண் கறை தனியாகக் கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்துத் தோட்ட நிலங்களிலும் வன்னியின் பல வீதிகளிலும் மண்ணைச் சிவப்பாக்குவது இரும்பொட்சைட்டு. அதாவது இரும்புத் துருவுக்கு உறவான பொருள். சவர்க்காரம் இதனிடம் தோற்றுவிடும். துருவை வெல்வது அமிலம். தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலம் இரும்பைப் பற்றி நீரிற் கரையும் நிலைக்குக் கொண்டுவருகின்றது. தேசிக்காய்ச் சாற்றோடு சிறிது கறியுப்புச் சேர்த்துக் கறையின்மீது பூசி, ஏறக்குறைய அரைமணி நேரம் விட்டு, நன்றாக அலசவேண்டும். ஒருமுறையிற் போகாவிடின் இரண்டாம் முறையும் செய்யலாம். சாறு துணியிலேயே காய்ந்துபோக விட்டால் இழை நலிந்துவிடும். ஆதலின் அலசுவதை மறத்தலாகாது. நிறத் துணியாயின் வெளியே தெரியாத ஓரிடத்தில் முதலிற் பரீட்சித்துக்கொள்ளல் வேண்டும்; தேசிக்காய் மண்ணை மட்டுமன்றிச் சாயத்தையும் வெளுக்கவல்லது.

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைச் சுட்டுதல் தகும். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கி நுரைப்பதைக் கண்டு, அப்பொங்குதலே அழுக்கை அகற்றுகின்றதெனப் பலர் எண்ணுகின்றனர். அப்பச்சோடா மென்மையான காரம், வினாகிரி அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக் காபனீரொட்சைட்டு வாயுவாகப் பொங்கிவிடும். எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைந்த நீரே. ஆரவாரம் பெரிது, பயன் சிறிது. இரண்டையும் தனித்தனியே பயன்படுத்துவதே அறிவுடைமை. ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவிற் சில துளி நீர் விட்டுக் குழைத்து, சப்பாத்தின் வெள்ளை இறப்பர் விளிம்பிற் பூசிப் பற்றூரிகையால் தேய்த்தால், அதன் நுண்ணிய துகள்கள் இறப்பரைக் கீறாமல் அழுக்கை உராய்ந்து எடுத்துவிடும். வெள்ளைப் பற்பசையும் இவ்வேலையைச் செய்யும். பல்லைத் தேய்ப்பதற்கென அதிற் சேர்க்கப்பட்ட மென்துகள்கள் இறப்பருக்கும் உதவுகின்றன.

இறப்பரென்றதும் இந்நாட்டுக்கும் சப்பாத்துக்கும் உள்ள தொடர்பு நினைவுக்கு வருகின்றது. வெயிலில் இளகியும் குளிரில் விறைத்தும் போன பச்சை இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையை 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். 1876ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவிலிருந்து இலண்டனுக்குச் சென்ற விதைகளின் நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவிலுள்ள எனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அதன் பின்னரே இறப்பர் இந்நாட்டின் செல்வங்களுள் ஒன்றாயிற்று. அந்த இறப்பர் அடியில் வீதித் தார் ஒட்டிக்கொண்டால், தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்துத் தாரை இளக்கி, உடனே சவர்க்கார நீரால் எண்ணெயைக் கழுவிவிடவேண்டும். எண்ணெய் நீண்டநேரம் தங்கினால் இறப்பர் ஊறி மென்மையாகிவிடும். மண்ணெண்ணெய் தாரை விரைவிற் போக்குமெனினும், இறப்பரையும் பசையையும் அது கெடுப்பதோடு தீயபாயமும் உண்டாதலால் அதனை விலக்குதலே நன்று.

கழுவுதல் பாதி வேலை, உலர்த்துதல் மறுபாதி. கழுவிய சப்பாத்தைப் பழைய துவாயால் ஒற்றி, உள்ளே உலர்ந்த துணியையோ தாளையோ திணிக்கவேண்டும். வெள்ளைச் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளை வைத்தால் அச்சு மை துணியிற் படியலாம். எழுதாத வெள்ளைத் தாளே பொருத்தம். வெள்ளைக் கன்வசின் வெளிப்புறத்தையும் மெல்லிய வெள்ளைத் தாளாற் சுற்றிவைத்தால், உலரும்போது நீரோடு மேலெழும் மஞ்சள் அழுக்கு துணியில் தங்காது தாளிற் படிந்துவிடும். பலர் வியப்புடன் காணும் “கழுவியபின் மஞ்சளாதல்” என்னும் குறையை நீக்கும் எளிய வழி இதுவே. நிழலும் காற்றும் உள்ள இடத்திற் சப்பாத்தைச் சுவரிற் சாய்த்து நிறுத்தினால் நீர் வடியும். சில மணி நேரத்துக்கொருமுறை உள்ளிருக்கும் ஈரத்தாளை மாற்றவேண்டும். மாரிகாலத்தில் ஒரு சப்பாத்து உலர்வதற்கு இரண்டு நாள் செல்லலாம். ஆகவே கழுவும் வேலையை ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு ஒத்திவைத்தல் கூடாது. சேறு காய்ந்ததும் சனிக்கிழமை காலையிலேயே முடித்துவிடல் நன்று.

உலராத சப்பாத்தை அடுப்பங்கரையில் வைத்து அவசரமாகக் காய்ச்சுவதும், வெண்கட்டியைத் தேய்த்து அழுக்கை மறைப்பதும் பாடசாலைப் பிள்ளைகள் நெடுங்காலமாகக் கையாளும் தந்திரங்கள். வெண்கட்டி அழுக்கை நீக்குவதில்லை. அதன்மேல் ஒரு வெள்ளைப் போர்வையை விரிக்கின்றது. ஒரு மழைத்துளி பட்டதும் போர்வை கரைந்து, வெள்ளையும் மண்ணும் குழைந்து பழைய கறையினும் தீயதாகிவிடும். ஏற்கெனவே துப்புரவான சப்பாத்திலுள்ள சிறு கறையை மறைப்பதற்கு மட்டுமே அது ஏற்றது.

வெளிற்றும் திரவத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். குளோரீன் கலந்த வெளிற்றும் பொருள் செம்மண்ணிலுள்ள இரும்பை நீக்காது. அன்றியும் இறப்பரையும் செயற்கை நூலையும் மஞ்சளாக்கிவிடும். அதைவிடப் பேராபத்து ஒன்றுண்டு. அத்திரவத்தோடு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ சேர்ந்தால் குளோரீன் என்னும் நச்சுவாயு எழும். 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் பெல்ஜியத்து ஈப்பர் போர்க்களத்தில் வீரரின் மூச்சை அடைத்த வாயு அதுவே. மூடிய குளியலறையில் இவ்விரண்டையும் ஒன்றாக்குவது உயிரோடு விளையாடுவதாகும். “ஒன்று நல்லதாயின் இரண்டு சேர்ந்தால் இன்னும் நல்லது” என்னும் கணக்கு அடுக்களையிற் செல்லலாம், இங்கே செல்லாது.

கறுப்புத் தோற் சப்பாத்துக்குரிய நெறி வேறு. தோல் என்பது பதனிடப்பட்ட விலங்குத்தோல். அதன் இழைகளுக்கிடையேயுள்ள நெய்ப்பசையே அதற்கு வளைந்து கொடுக்கும் தன்மையை அளிக்கின்றது. மிகுந்த நீரும் காரமும் அப்பசையை வெளியேற்றிவிடும். அடுப்பின் சூடு தோலைச் சுருக்கி வெடிக்கச் செய்யும். எனவே தோற் சப்பாத்தை நீரில் அமிழ்த்தலாகாது. சாம்பலாலும் அப்பச்சோடாவாலும் தேய்க்கலாகாது. காய்ந்த மண்ணை உதறியபின், பிழிந்த ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினாற் போதும். பின்னரே பொலிஷ் இடவேண்டும். பொலிஷ் என்பது பெரும்பாலும் மெழுகு. பிரேசில் நாட்டுப் பனையினமொன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு இதற்குப் பேர்பெற்றது. 1906ஆம் ஆண்டில் மெல்பேண் நகரிற் பிறந்த ‘கிவி’ பொலிஷ், அதனைச் செய்தவரின் மனைவி நியூசிலாந்தைச் சேர்ந்தவராதலால் அந்நாட்டுப் பறவையின் பெயரைப் பெற்றதென்பது சுவையான செய்தி. பொலிஷ் இல்லாதபோது துணியில் ஒரு துளி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம்; மிகுந்தால் தூசி ஒட்டும். வாழைப்பழத் தோலாற் சிறிது பளபளப்புத் தோன்றும். அது மெழுகைப்போல் நீரைத் தடுக்கும் காவலன்று. பாடசாலைப் பிள்ளைகள் அணியும் கறுப்புச் சப்பாத்துகளிற் பல தோலல்ல, றெக்சின் போன்ற செயற்கைப் பொருள். அவற்றைச் சவர்க்கார நீர் தொட்ட துணியால் அச்சமின்றித் துடைக்கலாம்.

மாரிகாலத்தில் அலுமாரிக்குள் வைத்த தோற் சப்பாத்திற் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் படர்வதுண்டு. இது பங்கசு என்னும் உயிர்வகை. ஈரமும் இருளும் அதன் உறைவிடம். முற்றத்துக்குக் கொண்டுசென்று உலர்ந்த துணியால் துடைத்து, நீரும் வினாகிரியும் சம அளவிற் கலந்து தொட்டுத் துடைத்து, காற்றில் உலர்த்தவேண்டும். வீட்டுக்குள் உதறினால் அதன் வித்திகள் ஏனைய பொருள்களிலும் பரவும்.

துர்நாற்றம் அழுக்கின் மற்றொரு முகம். வியர்வைக்கு இயல்பிற் பெரும் நாற்றமில்லை. அதை உண்டு பெருகும் பற்றீரியாக்கள் வெளியிடும் அமிலங்களே நாறுகின்றன. அமிலத்தை அடக்குவது காரமாதலால், மாலையில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைச் சப்பாத்தினுள் தூவி, காலையில் தட்டிவிடலாம். உலர்ந்த தேயிலையை மெல்லிய துணியில் முடிந்து உள்ளே வைப்பதும் நன்று. ஈரத்தையும் மணத்தையும் உறிஞ்சுதல் தேயிலையின் இயல்பு. அம்முடிச்சு நனையாதிருத்தல் வேண்டும். நனைந்தால் சாயம் ஊறும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலுறையைத் தினமும் துவைத்தலே நாற்றத்துக்கு நல்மருந்து.

வெள்ளத்தில் நனைந்த சப்பாத்தைக் கழுவுவோர் தம்மையும் காத்துக்கொள்ளவேண்டும். எலிகளின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும். கையிற் காயமுடையோர் கையுறை அணிந்தோ, அது இல்லாவிடின் பொலித்தீன் பையைக் கையிற் சுற்றியோ கழுவி, பின்னர்ச் சவர்க்காரமிட்டுக் கையைக் கழுவவேண்டும். வெளியே உலரவைத்த சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டியே அணியவேண்டும். தேளும் சிறுபாம்பும் அதனுட் புகுந்திருத்தல் கூடும்.

கொழுக்கிப்புழுவின் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுமென்பதைச் செர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோ நகரில் கண்டறிந்தார். அந்நோய் உடலின் இரத்தத்தைக் குறைத்துப் பிள்ளைகளைச் சோரச் செய்வது. அதனை நோக்கினால், சப்பாத்து வெறும் சீருடை விதிக்கு மட்டும் உரியதன்று, உடல்நலத்துக்குக் காவலுமாகும் என்பது விளங்கும். பழுதாகாமல் பேணப்படும் ஒரு சோடி, பிள்ளையின் காலுக்கு அவ்வளவு காலம் காவல் நிற்கின்றது.

இறுதியாக, ஆசிரியரும் பெற்றோரும் மனங்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. மகிழுந்தில் வந்திறங்கும் பிள்ளையின் சப்பாத்தும், செம்மண் ஒழுங்கையில் இரண்டு மைல் நடந்துவரும் பிள்ளையின் சப்பாத்தும் காலை எட்டு மணிக்கு ஒரே வெண்மையோடிருக்க நியாயமில்லை. சேறு சோம்பலின் அடையாளமன்று. பல வேளைகளில் அது நடந்துவந்த தூரத்தின் அடையாளம். அப்பிள்ளையை வரிசையில் நிறுத்திக் கடிந்துகொள்வதைவிட, வகுப்பறை வாயிலில் ஒரு தும்புத் தூரிகையையும் ஒரு பழந்துணியையும் வைப்பது மேலான செயலாகும். பத்து வயதுப் பிள்ளைக்கு வார இறுதியில் ஒரு பற்றூரிகையையும் அரைத் தேசிக்காயையும் கொடுத்து, தன் சப்பாத்தைத் தானே துப்புரவாக்கப் பழக்கினால், அப்பிள்ளை தன் உடைமையைத் தானே பேணும் பெருமையை உணரும். அதற்குப் பின் திங்கட்கிழமை காலையில் அது தன் காலை எவருக்கும் மறைக்கவேண்டியதில்லை.